ஊரடங்கில் தலைப்பிரசவம்: அந்த நாட்களின் கலக்கம் இப்போது திரும்ப வருகிறது

நிலாமுற்றம் (இழையைத் தொடங்கியவர்)

அனைவருக்கும் வணக்கம். எனக்கு இது இரண்டாவது கர்ப்பம். ஏழாவது மாதம் நடக்கிறது. மூத்தவள் 2020 மே மாதம் பிறந்தாள், இப்போது மூன்று வயது முடிந்துவிட்டது. இந்த முறை சர்க்கரை, இரத்த அழுத்தம், ஸ்கேன் எல்லாம் சரியாகவே இருக்கின்றன. ஆனால் போன மாதம் பரிசோதனைக்குப் போனபோது, மருத்துவமனை நடைபாதையில் தரை துடைத்த கிருமிநாசினியின் வாடை மூக்கில் ஏறிய உடனே எனக்குக் கை கால் வெலவெலத்துப் போயிற்று. வரிசையிலிருந்து விலகி வெளிப் படிக்கட்டில் வந்து உட்கார்ந்துவிட்டேன். உடன் வந்த கணவர், வெயிலில் மயக்கம் வந்ததென்று நினைத்து இளநீர் வாங்கி வந்தார். அது மயக்கமில்லை என்பது எனக்குத் தெரியும்.

2020-இல் நாங்கள் இருவரும் கோயம்புத்தூரில் வாடகை வீட்டில் இருந்தோம். அம்மா தென்காசிப் பக்கம் ஒரு கிராமத்தில். ஏப்ரல் முதல் வாரம் வளைகாப்பு முடித்து என்னை ஊருக்கு அழைத்துப் போவதாக ஏற்பாடு. மார்ச் 24 மாலை தடை உத்தரவு வந்தது, அன்று நள்ளிரவே நாடு முழுவதும் ஊரடங்கு. வாங்கி வைத்த கண்ணாடி வளையல்கள் பெட்டியோடு அம்மாவின் அலமாரியில் இன்றும் இருக்கின்றன.

வலி வந்ததும் அருகிலிருந்த ஒரு தனியார் மருத்துவமனைக்குப் போனோம். கணவரை வாசலோடு நிறுத்திவிட்டார்கள். கோவிட் பரிசோதனை முடிவு வரும் வரை என்னைத் தனி அறையில் வைத்தார்கள். பிரசவமும் அங்கேயே நடந்தது. முகக்கவசத்தைக் கழற்றக்கூடாது என்றார்கள். வலியின் உச்சத்தில் அது வியர்வையிலும் எச்சிலிலும் நனைந்து வாயோடு ஒட்டிக்கொண்டு, மூச்சை இழுக்கும்போதெல்லாம் ஈரத்துணி உள்ளே வந்தது. குழந்தையைத் தூரத்தில் தூக்கிக் காட்டிவிட்டு எடுத்துக்கொண்டு போய்விட்டார்கள். தொற்று இல்லை என்ற முடிவு வந்த பிறகுதான் என் கையில் கொடுத்தார்கள்; அதற்குள் 31 மணி நேரம் ஆகிவிட்டது. அதுவரை மார்பில் கட்டிய பாலோடு, அடுத்த அறையில் அழுவது என் பிள்ளைதானா என்று கேட்டுக்கொண்டே கிடந்தேன்.

வீட்டுக்கு வந்த பிறகு நிலைமை இன்னும் மோசமாயிற்று. பால் பாக்கெட்டைச் சோப்புப் போட்டுக் கழுவுவேன், கையைக் கழுவிக் கழுவிப் புறங்கைத் தோல் வெடித்துவிட்டது. இரவில் குழந்தைக்கு மூச்சு வருகிறதா என்று அதன் மூக்கின் கீழே விரலை வைத்துப் பார்த்துக்கொண்டே இருப்பேன். அம்மாவுக்கு இ-பாஸ் இரண்டு முறை மறுக்கப்பட்டு மூன்றாவது முறை கிடைத்தது. அவர் வந்து சேர்ந்தபோது குழந்தைக்கு 40 நாள் ஆகியிருந்தது. அம்மா வந்த பின்னும் எனக்குச் சரியாகவில்லை. இதைத்தான் யாரிடமும் சொல்ல முடியவில்லை. நான் இல்லாமல் போனால் இந்தக் குழந்தை வேறு நல்ல கையில் வளரும் என்ற நினைப்பு பல நாட்கள் வந்தது. ஏழெட்டு மாதங்களில் அது மெல்ல மெல்லத் தணிந்தது. எப்படித் தணிந்ததென்று எனக்கே தெரியவில்லை.

நான் பட்டது நோயா, காலத்தின் கோலமா? இந்தப் பிரசவத்திலும் அது வருமா? மருத்துவரிடம் இதைச் சொல்வது எப்படி? அம்மாவிடம் பேச்செடுத்தால், "பழசை நினைக்காதே, வயிற்றுப் பிள்ளைக்கு ஆகாது" என்கிறார். அனுபவப்பட்டவர்கள் சொல்லுங்கள்.

தாமரைக்குளம்

மகளே, நான் பேரப்பிள்ளை எடுத்தவள். உன் பதிவைப் படித்ததும் உன் அம்மாவின் பக்கமிருந்து ஒரு செய்தி சொல்ல வேண்டுமென்று தோன்றியது.

என் மகளுக்கும் அதே 2020-இல்தான் ஜூலையில் பிரசவம் ஆயிற்று. அவள் சென்னையில், நான் பரமக்குடியில். பிரசவ லேகியம் கிண்டி, உரை மருந்துக்கு வசம்பும் சாதிக்காயும் மாசிக்காயும் எடுத்து வைத்து, வேது பிடிக்க நொச்சி இலையும் பறித்துக் காயவைத்திருந்தேன். அத்தனையும் இங்கேயே கிடந்தன. பிள்ளையைக் காலில் போட்டுக் குளிப்பாட்ட அவளுக்குத் தெரியாது. கைப்பேசியைக் குளியலறையில் ஒரு பருப்பு டப்பாவின் மேல் சாய்த்து வைத்து, "அம்மா, பார்த்துக்கொண்டே இரு, கண்ணை எடுக்காதே" என்றாள். இங்கே நான் தரையில் கால் நீட்டி உட்கார்ந்து, ஒரு தலையணையைக் காலில் கிடத்தி, தலையை எப்படித் தாங்குவது, காதில் தண்ணீர் போகாமல் எப்படி ஊற்றுவது என்று காட்டினேன். நடுவில் படம் உறைந்து நின்றுவிட்டது. குழந்தையின் அழுகை மட்டும் கேட்கிறது, அவள் "அம்மா, அம்மா" என்கிறாள், என்னால் ஒன்றும் செய்ய முடியவில்லை. அந்த இரண்டு நிமிடத்தை நான் சாகும் வரை மறக்க மாட்டேன்.

உன் அம்மா பேசவிடாமல் தடுப்பது அன்பில்லாமல் இல்லை. பச்சை உடம்புக்காரியின் பக்கத்தில் இருக்க முடியாமல் போன பெரிய குற்ற உணர்வு எங்களுக்கு உண்டு. நீ பேசினால் அது எங்களையும் குத்துகிறது. ஆனாலும் பேசு. ஒரு முறை அவரை உட்கார வைத்து முழுவதும் சொல்லிவிடு.

பொதிகைச்சாரல்

நிலாமுற்றம் சகோதரியின் துன்பத்தைக் குறைத்துப் பேசுவதாக யாரும் எண்ண வேண்டாம். ஆனால் எனக்கு ஓர் ஐயம். எங்கள் பாட்டி ஒன்பது பெற்று, இரண்டைப் பறிகொடுத்து, பத்தாம் நாளே வயலுக்குப் போனவர். அந்தத் தலைமுறையில் மனச்சோர்வு என்ற பேச்சே கிடையாது. கூட்டுக் குடும்பம், தாய் வீடு, பத்தியம், ஓய்வு என்று நம்மிடம் இருந்த ஏற்பாடே மருந்தாக இருந்தது. ஊரடங்கு அதைப் பறித்ததால் வந்த துயரத்தை நோய் என்று பெயரிட்டு மாத்திரைக்குக் கொண்டுபோவது சரிதானா? உறவுகள் சூழ இருந்தால் இந்த முறை எல்லாம் தானே சரியாகிவிடாதா?

வெண்சீருடை

நான் அரசு ஆரம்ப சுகாதார நிலையம் ஒன்றில் செவிலியராக 14 ஆண்டுகளாகப் பணிபுரிகிறேன். முதலில் நிலாமுற்றத்துக்கு ஒரு வார்த்தை: முகக்கவசத்தைப் பற்றி நீங்கள் எழுதியதைப் படித்தபோது எனக்குத் தொண்டை அடைத்தது. அன்று நாங்கள் முழு உடல் கவச உடையில் நின்றோம். கண்ணாடியில் ஆவி படிந்து எங்களுக்குப் பிள்ளையின் தலையே மங்கலாகத்தான் தெரிந்தது. வலியில் கிடக்கும் பெண்ணுக்கு எங்கள் முகம் தெரியாது, குரலும் அமுங்கிக் கேட்கும், தொட்டால் கையுறை. பிரசவ அறையில் உறவுப்பெண் ஒருவர் உடனிருக்க வேண்டும் என்பதை அரசு மருத்துவமனைப் பிரசவ அறைகளை மேம்படுத்த மத்திய அரசு 2017-இல் தொடங்கிய லக்ஷ்யா திட்டமும் வலியுறுத்துகிறது. தொற்றுக் காலத்தில் பல இடங்களில் அதை நிறுத்தினார்கள். எவரிடமும் தீய எண்ணம் இருக்கவில்லை, பயம்தான் இருந்தது; ஆனால் அந்தப் பயத்துக்கான விலையைக் கட்டிலில் கிடந்தவர்களே கொடுத்தார்கள்.

குழந்தையைப் பிரித்து வைத்தது குறித்து: தாய்க்குத் தொற்று இருந்தாலுங்கூட, அவள் குழந்தையைப் பார்த்துக்கொள்ள முடியாத அளவுக்கு நோயுற்றிருந்தால் ஒழியப் பிரிக்க வேண்டாம், முகக்கவசமும் கைச்சுத்தமும் பேணித் தாய்ப்பால் கொடுக்கலாம், நெஞ்சோடு அணைத்துக்கொள்ளலாம் என்றே உலக சுகாதார நிறுவனம் 2020-இலேயே சொல்லியிருந்தது. தொற்றே இல்லாத உங்களுக்கு அந்த 31 மணி நேரம் நேர்ந்திருக்கக் கூடாது. இதை உங்களிடம் யாராவது அழுத்திச் சொல்லியிருக்கிறார்களா என்று தெரியவில்லை. ஆகையால் நான் சொல்கிறேன்.

பொதிகைச்சாரல் ஐயாவுக்கு: தாய் வீட்டின் அருமையை என்னைவிட அதிகம் பார்த்தவர்கள் குறைவு. ஆனால் அந்த ஏற்பாடு எல்லோரையும் காத்தது என்பது உண்மையில்லை. வேலூர் மாவட்டம் கணியம்பாடி வட்டாரக் கிராமங்களில் கர்ப்பத்தின் கடைசி மூன்று மாதத்தில் இருந்த 359 பெண்களைச் சேர்த்து, பிரசவத்துக்கு 6 முதல் 12 வாரங்களுக்குப் பிறகு மீண்டும் சந்தித்துச் செய்த ஆய்வு 2002-இல் வெளியாயிற்று. அதில் 11 சதவீதப் பெண்களுக்குப் பிரசவத்துக்குப் பின் புதிதாக மனச்சோர்வு வந்திருந்தது. கொரோனாவும் ஊரடங்கும் இல்லாத காலம், கூட்டுக் குடும்பங்கள் இருந்த கிராமங்கள். எவையெல்லாம் அதோடு தொடர்புடையவை என்று பார்த்தபோது வந்த பட்டியலைக் கேளுங்கள்: குறைந்த வருமானம், மகனை எதிர்பார்த்த வீட்டில் பெண் பிறந்தது, மாமியாரோடும் பெற்றோரோடும் உறவுச் சிக்கல், கர்ப்ப காலத்தில் நேர்ந்த துயரங்கள், உடல் உழைப்புக்குக் கைகொடுக்க ஆளில்லாமை. கடைசியாகச் சொன்னது நீங்கள் சொன்னதுதான், அதை ஏற்கிறேன். ஆனால் அதற்கு முன் உள்ளவற்றில் சில அந்தக் கூட்டுக் குடும்பத்துக்குள்ளேயே விளைந்தவை. உங்கள் பாட்டி பத்தாம் நாள் வயலுக்குப் போனார் என்கிறீர்கள். போகும்போது அவர் மனம் எப்படி இருந்ததென்று யாரேனும் கேட்டிருந்தால்தானே நமக்குத் தெரிந்திருக்கும்?

இதோடு இன்னொன்றையும் ஒப்புக்கொள்ள வேண்டும். சாதாரண நாட்களில் கிராம சுகாதார செவிலியர் பிள்ளை பெற்றவளின் வீட்டுக்குப் போய்த் தையலைப் பார்ப்பார், குழந்தையின் எடையைப் பார்ப்பார், அவள் முகத்தையும் பார்ப்பார். 2020-இல் அவர்களைக் காய்ச்சல் கணக்கெடுப்புக்கும் தனிமைப்படுத்தப்பட்டவர்களைக் கண்காணிக்கவும் அனுப்பினோம். தாய்மாரிடம் தொலைபேசியில் "குழந்தை பால் குடிக்கிறதா, காய்ச்சல் உண்டா" என்று இரண்டு கேள்வி கேட்டு வைத்துவிட்டோம். நானே அப்படிப் பல அழைப்புகள் பேசியிருக்கிறேன். "எல்லாம் நல்லா இருக்கு சிஸ்டர்" என்ற பதிலுக்கு முன்னால் சில குரல்கள் ஒரு கணம் தயங்கியதை அன்று நான் கவனித்தும் கடந்துபோனேன்.

மஞ்சணத்தி

மனநலப் பிரிவில் பணிபுரிகிறேன். நிலாமுற்றம் கேட்ட மூன்று கேள்விகளுக்கும் நேராகவே பதில் எழுதுகிறேன். நேரில் பார்க்காமல் நோயை உறுதி செய்ய இயலாது என்பதை மட்டும் மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

பிரசவமான இரண்டு மூன்று நாட்களில் காரணமில்லாமல் அழுகை வருவதும், பத்துப் பதினான்கு நாட்களில் தானே தெளிவதும் மிகப் பலருக்கு இயல்பாக நேர்வது. இரண்டு வாரங்களைத் தாண்டியும் சோகமோ பதற்றமோ விடாமல் இருந்தால், குழந்தை தூங்கும்போதும் தூக்கம் வராவிட்டால், தான் இல்லாமல் போவது நல்லது என்ற எண்ணம் வந்தால், அது பிரசவத்துக்குப் பிந்தைய மனச்சோர்வு என்று எண்ணிப் பார்க்க வேண்டிய நிலை. நீங்கள் எழுதியதில் இந்த மூன்றும் இருக்கின்றன. அதற்கு மேல், வாடை பட்டதும் உடல் வெலவெலப்பது பேரதிர்ச்சியின் நினைவு உடலில் தங்கியிருப்பதன் அடையாளமாகவும் இருக்கலாம். கடினமான பிரசவமே அத்தகைய அதிர்ச்சியாக அமைவதுண்டு. ஆகவே காலத்தின் கோலமும் உண்மை, நோயும் உண்மை. மழையில் நனைந்ததால் வந்த காய்ச்சலென்றாலும் அது காய்ச்சல்தான். மழை நின்றுவிட்டதென்று மருந்தை மறுப்பதில்லை.

மீண்டும் வருமா என்றால், முன்பு ஒரு முறை வந்தவர்களுக்கு மற்றவர்களைவிட வாய்ப்பு அதிகம். ஆனால் வந்தே தீரும் என்பதில்லை. முன்கூட்டியே தெரிந்திருப்பது உங்கள் கையில் உள்ள பெரிய பலம். மகப்பேறு மருத்துவரிடம் இப்போதே சொன்னால் பிரசவத்துக்கு முன்பே ஒரு திட்டம் போட முடியும். இரத்தசோகையும் தைராய்டும் மனச்சோர்வைப் போலவே தோற்றமளிக்கும் என்பதால் அவற்றையும் பார்க்கச் சொல்லுங்கள்.

சொல்வதற்கு வார்த்தை வராவிட்டால் எடின்பரோ அளவுகோல் என்ற பத்துக் கேள்வித் தாள் உதவும். 1987-இல் ஸ்காட்லாந்தில் உருவாக்கியது. தமிழிலும் மொழிபெயர்த்துச் சரிபார்த்திருக்கிறார்கள். கடந்த ஏழு நாட்களைப் பற்றி மட்டுமே கேட்கும்; ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 3 வரை, மொத்தம் 30. சிரிக்க முடிந்ததா, தேவையில்லாமல் தன்னையே பழித்துக்கொண்டீர்களா, காரணமில்லாமல் பயந்தீர்களா என்ற போக்கில் கேள்விகள் போகும். பத்தாவது கேள்வி தனக்குத் தானே தீங்கு செய்துகொள்ளும் எண்ணத்தைப் பற்றியது. மொத்த மதிப்பெண் எவ்வளவு குறைவாக இருந்தாலும், அந்தப் பத்தாவதற்கு "உண்டு" என்ற பதில் வந்தால் அன்றே ஒருவரிடம் பேசிவிட வேண்டும். 14416 என்ற டெலி மானஸ் (அரசின் மனநல உதவி) எண்ணில் இரவு பகல் எந்நேரமும் தமிழில் பேசலாம். தமிழ்நாட்டில் 104 என்ற சுகாதார உதவி எண்ணும் உண்டு.

இல்லாத குரல் கேட்பது, நாட்கணக்கில் தூங்காமல் பரபரப்பாக இருப்பது, குழந்தையைப் பற்றி விபரீத நம்பிக்கைகள் பேசுவது ஆகியவை வேறு வகை. ஆயிரம் பிரசவங்களில் ஒன்றிரண்டில் வரும் இது அவசர நிலை. கோயிலுக்கும் மந்திரிக்கவும் அழைத்துப்போய் நாளைக் கடத்தாமல் உடனே மருத்துவமனைக்குக் கொண்டுவர வேண்டும்.

கானல்நீர்

நான் ஓர் ஆண். இந்த இழையில் எழுதலாமா என்று இரண்டு நாட்கள் யோசித்தேன்.

2020-இல் நான் ஷார்ஜாவில் இருந்தேன். மார்ச் கடைசி வாரத்தில் பன்னாட்டு விமானங்கள் நின்றன. ஏப்ரலில் மகன் பிறந்தான். வெளிநாட்டில் சிக்கியவர்களை அழைத்துவர அரசு ஏற்பாடு செய்த வந்தே பாரத் விமானங்கள் மே 7 முதல் ஓடத் தொடங்கியபோது கர்ப்பிணிகளுக்கும் நோயாளிகளுக்கும் முதியோருக்கும் முன்னுரிமை கொடுத்தார்கள், அது நியாயம்தான். எனக்கு இடம் கிடைத்து ஊர் வந்து சேர்ந்தபோது மகனுக்கு ஐந்து மாதம். என்னைப் பார்த்ததும் வீறிட்டு அழுதான்.

என் மனைவி அந்த ஐந்து மாதமும் இரவில் அழைப்பாள். "எனக்கு எதுவுமே பிடிக்கவில்லை" என்பாள். நான், "குழந்தை நன்றாக இருக்கிறதே, கேமராவைக் குழந்தை பக்கம் திருப்பு" என்பேன். அவள் திருப்புவாள். அவள் முகத்தை நான் பார்க்க விரும்பாததாகவே அவளுக்கு அது பட்டிருக்கிறது. பிறகு ஒரு நாள் அவளே சொன்னாள். நிலாமுற்றத்தின் கணவர் இதைப் படித்தால், படிக்கட்டில் இளநீர் கொடுத்த அந்த நாளைப் பற்றி அவராகவே ஒரு முறை கேட்கட்டும்.

பனங்கூடல்

யாழ்ப்பாணத்திலிருந்து எழுதுகிறேன். எங்களுக்கு 2020 மார்ச் 20-ஆம் திகதி மாலையே ஊரடங்குச் சட்டம் வந்துவிட்டது. எனக்கு அப்போது பிள்ளை பிறந்து மூன்று கிழமை (வாரம்). போர்க்காலத்தில் ஊரடங்கைப் பார்த்து வளர்ந்த எங்கள் அம்மாவுக்கு அந்தச் சொல்லே பழைய பயத்தைக் கிளப்பிவிட்டது. யன்னல்களைச் சாத்தி வைத்துவிட்டு மூலையில் இருந்தார். யார் யாரைத் தேற்றுவது என்று தெரியாத வீடாகிப்போனது.

எங்கள் பகுதிக் குடும்பநல உத்தியோகத்தர் (வீடு வீடாகச் சென்று தாய் சேயைப் பார்க்கும் அரச மருத்துவமாது) ஒரு நாள் மிதிவண்டியில் வந்து படலைக்கு வெளியே நின்றார். உள்ளே வரவில்லை. மஞ்சணத்தி எழுதிய அந்தப் பத்துக் கேள்விகளையும் படலைக்கு அப்பால் நின்று ஒவ்வொன்றாக வாசித்தார். அம்மாவுக்குக் கேட்டுவிடும் என்று நான் விரலால் எண் காட்டினேன். பத்தாவது கேள்விக்கு ஒரு விரலைக் காட்டியதும் அவர் தாளை மடித்துப் பைக்குள் வைத்துவிட்டு, "பிள்ளை, நான் நாளைக்கும் வருவன்" என்றார். சொன்னபடியே வந்தார், அதற்கடுத்த நாளும் வந்தார், பின்னர் வைத்தியசாலைக்கு அனுமதியும் எடுத்துத் தந்தார். இலங்கையில் அந்தக் கேள்வித்தாள் குடும்பநல உத்தியோகத்தரின் கையில் இருப்பதால்தான் இது நடந்தது. தமிழ்நாட்டிலும் கிராம சுகாதார செவிலியர்கள் எல்லோரின் கையிலும் அது இருக்க வேண்டும் என்பது என் விருப்பம்.

பொதிகைச்சாரல்

வெண்சீருடை அவர்களே, பாட்டியைப் பற்றி நீங்கள் கேட்டதற்கு என்னிடம் பதிலில்லை. அவர் மாட்டுத் தொழுவத்தில் தனியாக அழுததை அத்தை ஒருவர் சொல்லக் கேட்டிருக்கிறேன். அதை நாங்கள் வறுமையின் கணக்கில் எழுதிவிட்டோம்.

ஆனாலும் மாத்திரையைப் பற்றிய என் கவலை அப்படியே இருக்கிறது. பால் கொடுக்கும் தாய் அதைச் சாப்பிட்டால் குழந்தைக்கு ஆகுமா? தாயை மருத்துவமனையில் சேர்க்க வேண்டி வந்தால் குழந்தையைப் பிரித்துவிடுவார்களா? என் மருமகளுக்கு அடுத்த மாதம் பிரசவம், அதனால் கேட்கிறேன்.

மஞ்சணத்தி

நல்ல கேள்விகள், ஐயா. லேசான நிலையில் பேச்சு வழிச் சிகிச்சையும் தூக்கத்துக்கு வழி செய்வதுமே பலருக்குப் போதும். மாத்திரை தேவைப்பட்டால், செர்ட்ராலின் போன்றவை தாய்ப்பாலில் மிகக் குறைந்த அளவே சேர்கின்றன. அதனால் பால் கொடுப்பவர்களுக்கு அதை முதல் தெரிவாகப் பலர் எழுதுகிறார்கள். எதைத் தருவது என்பதை மருத்துவர் முடிவு செய்வார். ஏற்கெனவே மாத்திரை சாப்பிடுபவர்கள் கர்ப்பம் உறுதியானதும் தாமாக நிறுத்திவிடுவது ஆபத்தானது.

பிரிப்பதைப் பற்றி: மனநலப் பராமரிப்புச் சட்டம் 2017-இன் 21-ஆம் பிரிவின்படி, சிகிச்சைக்குச் சேர்க்கப்பட்ட தாயிடமிருந்து மூன்று வயதுக்குட்பட்ட குழந்தையைப் பொதுவாகப் பிரிக்கக் கூடாது. தாயால் குழந்தைக்குத் தீங்கு நேரும் நிலையில்தான் அதற்கு விலக்கு, அதுவும் தற்காலிகமாக. பெங்களூருவில் உள்ள நிம்ஹான்ஸ் மனநல மருத்துவமனையில் தாயையும் சேயையும் ஒன்றாகவே சேர்த்துக்கொள்ளும் தனிப்பிரிவு 2009 முதல் இருக்கிறது. அத்தகைய பிரிவு நம் ஒவ்வொரு மாவட்டத்துக்கும் தேவை என்று நான் பல ஆண்டுகளாகச் சொல்லி வருகிறேன். இங்கும் சொல்லி வைக்கிறேன்.

உங்கள் மருமகளுக்கு நீங்கள் செய்யக்கூடியது ஒன்று உண்டு: இரவில் தொடர்ந்து ஐந்து மணி நேரம் அவர் தூங்கும்படி வீட்டில் முறை வைத்துக் குழந்தையைப் பார்த்துக்கொள்ளுங்கள். அந்த முறையில் உங்கள் பெயரும் இருக்கட்டும்.

நிலாமுற்றம்

பத்து நாட்கள் எழுதாமல் இருந்ததற்குப் பொறுத்துக்கொள்ளுங்கள்.

கணவர் இந்த இழையைப் படித்தார். கானல்நீர் எழுதியதைப் படித்துவிட்டு வந்து என் அருகில் உட்கார்ந்து, "அன்றைக்கு அது மயக்கம் இல்லைதானே?" என்று கேட்டார். அன்று இரவு ஒன்றரை மணி வரை பேசினோம். அந்த 31 மணி நேரமும் அவர் மருத்துவமனைக்கு எதிரே, மூடிக் கிடந்த ஒரு தேநீர்க் கடையின் திண்ணையில் இருந்திருக்கிறார். இடையில் இரண்டு முறை போலீசார் எழுப்பி விசாரித்திருக்கிறார்கள். மூன்று ஆண்டுகளாக இது எனக்குத் தெரியாது.

பத்துக் கேள்வித் தாளை நிரப்பினேன். எனக்கு 14 வந்தது. பத்தாவது கேள்விக்கு இப்போது பூச்சியம்தான் என்பதை இங்கே தெளிவாக எழுதிவிடுகிறேன். யாரும் பயப்பட வேண்டாம். தாளை மடித்து மருத்துவர் முன் வைத்துவிட்டேன், வாய் திறந்து சொல்ல வேண்டியிருக்கவில்லை. அவர் அதை இரண்டு முறை படித்துவிட்டு, தைராய்டுக்கும் இரத்தசோகைக்கும் பரிசோதனை எழுதினார். மனநல மருத்துவர் ஒருவரிடமும் அனுப்பினார். அங்கே வாரம் ஒரு முறை பேசப் போகிறேன். மாத்திரை இப்போதைக்கு வேண்டாம், பிரசவமான இரண்டாம் வாரத்தில் மறுபடி பார்க்கலாம் என்றிருக்கிறார்கள். பிரசவ அறையில் அம்மா உடனிருக்கலாம் என்று எழுதியும் வாங்கிவிட்டேன். பிரசவத்துக்கு முன்பே ஒரு நாள் அந்த அறையைப் பார்க்க அனுமதி கேட்டோம். வியாழக்கிழமை வரச் சொல்லியிருக்கிறார்கள். அந்த வாடையை நினைத்தால் வயிறு கலங்குகிறது, ஆனாலும் போகிறேன்.

தாமரைக்குளம் அம்மா, நீங்கள் சொன்னபடி அம்மாவை உட்கார வைத்து முழுவதும் சொன்னேன். நான் இல்லாமல் போக நினைத்ததையும் சொன்னேன். அவர் ஒன்றும் பேசாமல் எழுந்து உள்ளே போனார். திட்டுவாரோ என்று இருந்தேன். திரும்பி வந்தபோது கையில் அந்த வளையல் பெட்டி இருந்தது. ஊரிலிருந்து கிளம்பும்போதே எடுத்து வந்திருக்கிறார், கொடுக்கத்தான் நாள் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறார். இரண்டாம் பிள்ளைக்கு வளைகாப்பு வழக்கமில்லை என்று ஊரில் சொல்வார்கள். யாரையும் அழைக்கவில்லை. சோபாவில் உட்கார வைத்து ஒவ்வொன்றாகப் போட்டுவிட்டார். கை வீங்கியிருப்பதால் பாதிக்கு மேல் ஏறவில்லை. மீதியை மூத்தவள் எடுத்துத் தன் கையில் போட்டுக்கொண்டு வீடெல்லாம் சத்தப்படுத்திக்கொண்டிருக்கிறாள்.

வியாழக்கிழமை போய் வந்து எழுதுகிறேன்.